கையைப் பார்த்து விசை வை

கண்டி நகரத்து மொத்த வியாபாரக் கடைகளிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து அலுவலகங்களிலும் பிரவுசரில் ஓடும் பில்லிங், ஸ்டொக் மென்பொருட்களுக்குச் சுருக்குவிசை அமைத்துக் கொடுப்பது என் வேலை. பழக வரும் தம்பி, தங்கைமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கோட் எழுத முன்னர் பில் போடுபவரின் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன், "ஸ்கிரீனைப் பார்க்காதே, கையைப் பார்" என்பார். கெஷியரின் வலது கை நம்பர் பேடிலேயே நிற்கும். அந்தக் கை மவுசுக்குப் போனால் கணக்கு ஓட்டம் அறுந்துவிடும். அதனால் அடிக்கடி வேண்டிய விசைகளை இடது கைக்கு எட்டும்படி வைப்பார். அவர் அமைத்ததைப் பழக ஒருவருக்கும் பாடம் தேவைப்படவில்லை.

பிரவுசருக்கென்று சொந்த விசைகள் இருக்கின்றன. கொன்ட்ரோலோடு டபிள்யூ, டி, என் ஆகியவற்றைக் குரோம் சாதாரண டெப்பில் நமக்கு விடாது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொன்ட்ரோல் எஸ், கொன்ட்ரோல் பி இரண்டையும் 'பிரிவென்ட் டிஃபோல்ட்' போட்டு எடுத்துக்கொள்ளலாம். எஃப் 5ஐயும் எடுக்க முடியும். ஆனால் ரிஃப்ரெஷ் செய்து பழகிய கையை ஏமாற்றக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரே பில்லில் மூன்று மொழி வரும். பொருளின் பெயர் ஆங்கிலத்தில், வாடிக்கையாளர் பெயர் தமிழுக்கான ரெங்கநாதன் தட்டச்சில், முகவரி சிங்களத்துக்கான விஜேசேகரவில். ஒரு தம்பி சேவ் விசையை 'கீ' மதிப்பைப் பார்த்து எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் சரியாக ஓடியது. தமிழுக்கு மாற்றியதும் நின்றது. 'கீ' என்பது அப்போது விழும் எழுத்து. 'கோட்' என்பது விசை இருக்கும் இடம். அந்த ஒரு சொல்லை மாற்றியதும் மூன்று மொழியிலும் ஓடியது. ஓல்ட் ஷிஃப்ட் சேர்க்கையைத் தவிருங்கள். விண்டோஸில் பலர் மொழி மாற்றுவது அதால்தான். கொன்ட்ரோல் ஓல்ட்டும் வேண்டாம். விண்டோஸுக்கு அது ஓல்ட்ஜிஆர். தட்டச்சு முறை அதற்கு ஓர் எழுத்தை வைத்திருக்கக்கூடும்.

பெரஹெர திருவிழாக் காலத்தில் கடையில் நெரிசல். அவசரத்தில் விரல் விசையில் கொஞ்சம் தங்கினாலும் சேவ் திரும்பத் திரும்பப் போய், ஒரே பில் இரண்டு விழும். விசை நிகழ்வில் 'ரிப்பீட்' உண்மையானால் அந்த அழுத்தத்தை விட்டுவிடுங்கள். சேர்வரின் பதில் வரும்வரை சேவைப் பூட்டியும் வையுங்கள். பில் அழிப்பதற்கு மட்டும் ஒற்றை விசை கொடுக்கவே வேண்டாம்.

விசைகளைக் கொஞ்சமாக வையுங்கள். கொடுத்த விசையைப் பிறகு உங்கள் வசதிக்காக மாற்றாதீர்கள். நாள் முழுக்க பில் போடும் ஒருவரின் விரல்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன.