காம்பாருக்கு வந்த வாள்

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசினால், துப்பாக்கிக்கு முன்னால் வாள்தான் பேச்சில் வரும். சாலை முனையில் நிற்கும் சிப்பாய்க்குத் தலை குனியாவிட்டால் கன்னத்தில் அறை விழும். அதிகாரி வந்தாலோ, இடுப்பில் தொங்கும் நீள வாளைப் பார்த்தே பாதி உயிர் போய்விடும். கித்தா மரம் சீவிப் பிழைத்த என் பாட்டி 'சாமுராய்' என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளோ கைப்பேசியில் சாமுராய் கதைகளை விடிய விடியப் பார்க்கிறார்கள். பாட்டிக்கு நடுக்கம் தந்தது பிள்ளைகளுக்கு வீரமாகத் தெரிகிறது. இது எப்படி ஆயிற்று என்ற கேள்விதான் என்னைச் சாமுராய்களின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

சாமுராயின் ஆதி ஆயுதம் வாள் அல்ல, வில். 792இல் ஜப்பானின் கன்மு பேரரசர் பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயப் படைச் சேர்ப்பைக் கைவிட்டார். வடகிழக்கில் எமிஷி மக்களோடு நடந்த நீண்ட போர்களில், வயலிலிருந்து இழுத்துவந்த காலாட்கள் எடுபடவில்லை. ஓடும் குதிரையிலிருந்து அம்பெய்யத் தெரிந்தவர்களே தேவைப்பட்டார்கள். நிலமும் குதிரையும் வைத்திருந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் போரையே தொழிலாகப் பழகின. தைரா, மினமோட்டோ குலங்கள் அப்படித் தலையெடுத்தவை. 1180 முதல் 1185 வரை அவை இரண்டும் மோதின. வென்ற மினமோட்டோ யோரிதோமோ 1192இல் ஷோகன், அதாவது ராணுவ ஆட்சித் தலைவர், ஆனார். அந்த வீரர்கள் ஏந்திய வில் ஆள் உயரத்தையும் தாண்டி, இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். பிடி நடுவில் இருக்காது. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். கீழ்ப்பகுதி குட்டையாக இருப்பதால் குதிரையின் கழுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடையின்றித் திருப்பலாம். தமிழ்நாட்டு நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரனைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாமுராய் அந்நியனாகத் தெரியமாட்டான்.

பிறகு ஈட்டி வந்தது. 1543இல் தனேகாஷிமா தீவில் இறங்கிய போர்த்துகீசியர்களிடமிருந்து திரித்துப்பாக்கி வந்தது. 1575இல் நாகாஷினோ போர்க்களத்தில் தளபதி ஓடா நொபுநாகாவின் துப்பாக்கிக்காரர்கள் தக்கேடா குலத்தின் புகழ்பெற்ற குதிரைப்படையை நொறுக்கினார்கள். வாள் எப்போதும் கூடவே இருந்தது. களத்தில் முதல் இடம் மட்டும் அதற்கு அபூர்வமாகவே கிடைத்தது.

ஆனாலும் அந்த வாளைச் செய்தவர்களின் கைத்திறனை மெச்சாமல் இருக்க முடியாது. ஆற்று மணலில் கலந்திருக்கும் இரும்பைச் சலித்தெடுத்து, மண் உலையில் கரியோடு மூன்று நாள் இரவு பகலாக உருக்குவார்கள். கிடைக்கும் எஃகைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடிப்பார்கள். கடைசியில் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் குணத்தோடு நிற்கும். விளிம்போரம் அலை அலையாக ஓடும் வெண்கோடு அப்போது பிறப்பதுதான். ஈய லம்பத்து ஊரில் வளர்ந்தவன் நான். மண்ணைக் கழுவி உலோகம் எடுக்கும் பாடு எனக்குத் தெரியும். அந்தக் கொல்லர்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

இந்த வாளை யார் வைத்திருக்கலாம் என்பதில்தான் கதையின் கசப்பு இருக்கிறது. 1588இல் ஜப்பானை ஆண்ட டொயொடோமி ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்த ஆயுதங்களையெல்லாம் பறித்தார். அதன் பிறகு இடுப்பில் இரண்டு வாள் செருகுவது சாமுராய் சாதியின் உரிமையாகிவிட்டது. 1603இல் தொடங்கிய தொகுகாவா ஆட்சியில் இரண்டரை நூற்றாண்டு பெரிய போர் இல்லை. வாள் செருகிய பலர் கணக்கெழுதிச் சம்பள அரிசி வாங்கினார்கள். 1873இல், தொகுகாவா ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு எல்லாச் சாதியாருக்கும் கட்டாயப் படைச் சேவை கொண்டுவந்தது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. மறு வருடம் கிளர்ந்தெழுந்த சைகோ தகமோரியின் சாமுராய்களைத் தோற்கடித்தவர்கள், குடியானவர் பிள்ளைகள் நிறைந்த அந்தப் புதிய படையினர்.

அந்தப் புதிய ராணுவ அதிகாரிகள் பல பத்தாண்டுகள் ஐரோப்பியப் பாணி வாளைத்தான் தொங்கவிட்டுத் திரிந்தார்கள். பழைய சாமுராய் வடிவத்தில் அதிகாரிகளின் வாள் திரும்பி வந்தது 1934இல், சீனாவின் மேல் படையெடுப்பு தொடங்கிவிட்ட காலத்தில். மறு ஆண்டில் சார்ஜெண்டுகளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். பழம்பொருள் சேர்க்கும் ஒருவரிடம் அந்த வாள் ஒன்றை வாங்கிப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியில் நாடா சுற்றியது போலத் தெரிந்தது. தொட்டால் வார்த்த அலுமினியம், மேலே பெயிண்ட். அலகில் தொழிற்சாலை எண் குத்தியிருந்தது. முன்னோரின் மரபு என்று சொல்லிச் சிப்பாய்கள் கையில் இயந்திரச் சரக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

1941 டிசம்பர் 30இல் மலாயாவின் காம்பாருக்கு வந்து சேர்ந்தது ஹிரோஷிமாவில் திரட்டப்பட்ட ஜப்பானிய 5ஆவது டிவிஷன். அந்தச் சிப்பாய்களில் எத்தனையோ பேரின் முன்னோர் ஹிதெயோஷியிடம் ஆயுதத்தைப் பறிகொடுத்த குடியானவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நகரத்துக்குப் பக்கத்து மேடுகளில் ஜனவரி 2 வரை நான்கு நாள் சண்டை நடந்தது. பீரங்கியும் மோர்ட்டாரும் எந்திரத் துப்பாக்கியுமே அதை நடத்தின. கடைசி நாளில் பிரிட்டிஷ் படையின் பஞ்சாப் படைப்பிரிவு வீரர்கள் கேப்டன் ஜான் கிரஹாமின் தலைமையில் பயோனெட்டோடு பாய்ந்து, பறிபோன பதுங்குகுழிகளை மீட்டார்கள். அந்தப் பாய்ச்சலில் பட்ட காயத்திலேயே கிரஹாம் இறந்தார். தெலுக் அன்சன் பக்கம் ஜப்பானியர் கடல் வழியாக இறங்கியதால்தான் பிரிட்டிஷ் படை காம்பாரை விட்டுப் பின்வாங்கியது.

வாள் தன் வேலையைக் காட்டியது சண்டை முடிந்த பிறகு, ஆயுதமில்லாத மக்களிடம். தோட்டத்தில் வேலை நின்றது, அரிசி போனது, மரவள்ளிக் கிழங்கு வந்தது. சம்பளமும் சாப்பாடும் தருவதாக ஆசை காட்டியும், ஆசைக்கு மசியாதவர்களை லாரியில் ஏற்றியும் ரயில் பாதை போடச் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கேயே மாண்டார்கள். ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் அதை நாவல்களாக எழுதி வைத்ததால் நமக்குக் கொஞ்சமாவது தெரிகிறது.

பிள்ளைகள் சாமுராய் கதைகளைப் பார்க்கட்டும்; அந்த வில்லும் அந்த உலையும் தெரிந்துகொள்ளத் தக்கவை. யோரிதோமோவின் பெயரைச் சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு, தன் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவரின் பெயரும் தெரிய வேண்டும். கோப்பெங், தெமோ, தாப்பா, பீடோர் வட்டாரத்தில் அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் தொண்ணூறு வயதைத் தாண்டி இருக்கிறார்கள். இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். யார் போனார்கள், எந்தத் தோட்டம், யார் திரும்பி வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.