கல்லும் கடலும்

நிலைபேற்றுக்குக் கல்லை உவமை கூறுவது மக்கள் வழக்கம். மாறாத சொல்லைக் கல்லில் பொறித்த எழுத்து என்பர். இரங்காத மனத்தைக் கல்நெஞ்சு என்பர். மன்னர் தம் கொடைகளைக் கோயிற் சுவர்களில் வெட்டி வைத்ததும், கல் அழியாது என்னும் நம்பிக்கையினாலேயாம். ஆயினும், ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்னும் பழமொழியும் அதே மக்களிடையே பிறந்ததுதான். இவ்விரு எண்ணங்களுள் எது உண்மை? இவ்வினாவுக்கு விடை கூறவல்ல இடம் ஒன்று உண்டு. அதுவே கடலின் அடித்தளம்.

உலகப் பரப்பில் நூற்றுக்கு 71 பங்கைக் கடல் மூடியுள்ளது. அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர் ஆகும். கதிரவன் ஒளி அவ்வாழத்தை எட்டுவதில்லை. ஆகவே, கடலடி என்பது சேறு படிந்த சமவெளி என்றும், பழமையானது, அசைவற்றது என்றும் அறிஞர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். 1872 முதல் 1876 வரை கடல்களை ஆராய்ந்து திரிந்த ‘சாலஞ்சர்’ என்னும் ஆங்கிலக் கப்பலில் சென்றோர், கயிற்றின் நுனியில் எடையைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தனர். அட்லாண்டிக் கடலின் நடுவே தரை மேடிட்டிருப்பதை அவர்கள் கண்டனர். அம்மேடு எவ்வாறு உண்டாயிற்று என்பது அப்போது விளங்கவில்லை.

பின்னர், ஒலியைக் கீழே செலுத்தி, அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழம் காணும் கருவி வந்தது. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மேரி தார்ப் என்னும் அம்மையார், 1952-ஆம் ஆண்டில் இவ்வாழ எண்களைத் தொகுத்துப் படமாக்கத் தொடங்கினார். பெண்கள் ஆய்வுக் கப்பலில் செல்லுதல் கூடாது என்பது அந்நாளைய வழக்கம். ஆதலால், புரூஸ் ஹீசன் முதலானோர் கடலில் திரட்டி வந்த எண்களைக் கரையில் அமர்ந்தே அவர் கோடுகளாக்கினார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடிய பள்ளத்தாக்கு ஒன்று ஓடுவது அக்கோடுகளில் புலப்பட்டது. தரை பிளந்து விலகுகிறது என்பதன்றோ அதன் பொருள்? ஹீசன் முதலில் அதனை ஏற்கவில்லை. பெண்கள் பேச்சு என்று புறந்தள்ளினார். அம்மையாரோ எண்களை மீண்டும் சரிபார்த்து வரைந்தார். பள்ளத்தாக்கு மீண்டும் அதே இடத்தில் தோன்றியது. நிலநடுக்கம் நிகழ்ந்த இடங்களைக் குறித்த மற்றொரு படத்தை இதனோடு பொருத்திப் பார்த்தபோது, அவ்விடங்கள் பள்ளத்தாக்கின் வழியே வரிசையாக அமைந்திருந்தன. ஐயம் அகன்றது.

அப்பள்ளத்தாக்கே புதுப் பாறையின் பிறப்பிடம். உலகக் கடல்களின் ஊடே இத்தகைய மலைத்தொடர் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளம் செல்கிறது. தரை இருபுறமும் விலகும்போது, கீழுள்ள வெப்பப் பாறை மேலெழுகிறது. மேலே வர வர அழுத்தம் குறைதலின், அதன் ஒரு பகுதி உருகிக் குழம்பாகிறது. ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசு வெப்பமுடைய அக்குழம்பு, பனிபோல் குளிர்ந்த கடல்நீரில் வந்து பாய்கிறது. நீரைத் தொட்ட மேற்புறம் நொடியில் கண்ணாடிபோல் இறுகுகிறது. உள்ளிருப்பதோ இளகியே இருக்கிறது. பின்னே வரும் குழம்பு அத்தோலைப் பிளந்து மற்றோர் உருண்டையாகப் பிதுங்குகிறது. இவ்வாறு, தலையணைகளை அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகள் உண்டாகின்றன. தலையணைப் பாறை என்றே அவற்றைக் கூறுவர். கருநிறமுடைய அக்கல்லுக்குப் பசால்ட்டு என்பது பெயர். 1974-இல் பிரெஞ்சு, அமெரிக்க அறிஞர்கள் நீர்மூழ்கிக் கலங்களில் அட்லாண்டிக் பள்ளத்தாக்கினுள் இறங்கி, இத்தலையணைகளை நேரில் கண்டனர்.

பிறந்த பாறை பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. இதற்குச் சான்று தந்தது இந்தியப் பெருங்கடலே. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர் என்பது நீருள் மறைந்து கிடக்கிறது. 1962-இல் ‘ஓவன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் அதன்மேல் சென்று காந்த வலிமையை அளந்தது. குழம்பு இறுகும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தம்முள் பதித்துக்கொள்ளும். புவியின் காந்த முனைகளோ பன்முறை தலைமாறியுள்ளன. ஆகவே, மலைத்தொடரின் இருமருங்கும் திசை மாறி மாறிப் பதிந்த பட்டைகள் இருத்தல் வேண்டும் என்று பிரெட் வைன், டிரம்மண்டு மேத்யூஸ் என்னும் இருவர் 1963-இல் விளக்கினர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. அட்லாண்டிக்கின் அடித்தளம் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் விரிகிறது. மனிதரின் விரல் நகம் வளரும் அளவே அது!

இங்ஙனம் விலகிச் செல்லும் பாறையைக் கடல்நீர் வாளா விடுவதில்லை. இறுகிய கல்லில் எண்ணற்ற வெடிப்புகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிகிறது. குளிர்ந்த இடங்களில் மாற்றம் மெல்ல நிகழும். கல்லிலுள்ள இரும்பு துருவேறுகிறது. கண்ணாடித் தோல் மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பொருளாகிறது. வெடிப்புகளில் சுண்ணாம்புப் படிகம் நிறைகிறது. மலைத்தொடரின் அருகே மாற்றம் விரைவானது. அங்கே நீர் ஆழ இறங்கி, சூடேறிய பாறையைத் தொட்டுக் கொதிநீராகிறது. அந்நீர் தன்னிடமுள்ள மக்னீசியத்தைக் கல்லுக்குத் தருகிறது. கல்லிலிருந்து கால்சியம், இரும்பு, செம்பு, துத்தநாகம் முதலியவற்றைப் பெறுகிறது. கருங்கல்லாகப் பிறந்தது குளோரைட்டு, எபிடோட்டு என்னும் தாதுக்களால் பசுமை நிறம் கொள்கிறது.

இக்கொடுக்கல் வாங்கல் வெறுங் கற்பனை அன்று. 1977-இல் ‘ஆல்வின்’ என்னும் நீர்மூழ்கிக் கலம், பசிபிக் கடலில் கலாபகசுத் தீவுகளின் அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. 1979-இல் மெக்சிகோ நாட்டிற்கு அப்பால், 350 பாகைக்கு மேல் வெப்பமுடைய நீர், கரும்புகைபோல் பொங்கி எழக் கண்டனர். மேலுள்ள கடலின் அழுத்தமே அந்நீரை ஆவியாகாமல் தடுத்தது. புகைபோல் தோன்றியவை, குளிர்நீரைத் தொட்டவுடன் படியும் உலோகத் துகள்களே.

இக்கண்டுபிடிப்பால் பழைய சிக்கல் ஒன்றும் தீர்ந்தது. ஆறுகள் ஓயாது மக்னீசியத்தைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அங்ஙனமாயின், கடலில் அது பெருகிக்கொண்டே போதல் வேண்டுமன்றோ? ஆயினும் அவ்வாறு பெருகவில்லை. வரவு தெரிந்தது, செலவு தெரியவில்லை. ஊற்றுநீரை ஆராய்ந்தபோது அதில் மக்னீசியம் ஏறக்குறைய அறவே இல்லை. செலவின் பெரும்பகுதி கல்லின் கணக்கில் இருந்தது. கடல்நீரின் தன்மையைக் காத்து வருவதில் கல்லுக்கும் பங்குண்டு என்பது அன்று தெளிவாயிற்று.

உயிர்களும் இதனால் வாழ்கின்றன. ஒளி புகாத அவ்விடத்தில் நீண்ட குழாய்ப் புழுக்களும் பெருஞ்சிப்பிகளும் கூட்டங்கூட்டமாக இருந்தன. ஊற்றில் வரும் கந்தகச் சேர்மத்தைக் கொண்டு நுண்ணுயிர்கள் உணவு ஆக்குகின்றன; அவ்வுணவே மற்றவற்றைத் தாங்குகிறது.

நீரை உட்கொண்ட கடற்பாறை இறுதியில் கண்டங்களின் ஓரத்தில் சரிந்து பூமிக்குள் இறங்குகிறது. அது வெளிவிடும் நீர், அதற்கு மேலுள்ள வெப்பப் பாறையை எளிதில் உருகச் செய்கிறது. ஆண்டிசு மலையிலும் சப்பான் நாட்டிலும் எரிமலைகள் எழுவது இதனாலேயே. கடலடியில் இன்றுள்ள பாறைகளுள் மிகப் பெரும்பாலானவை 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. நிலத்திலோ 400 கோடி ஆண்டு அகவையுள்ள பாறைகளும் உள்ளன.

அருகி, சில பாறைகள் கீழிறங்காமல் நிலத்தின்மேல் தள்ளப்படுவதும் உண்டு. சைப்பிரசுத் தீவின் துரூதோசு மலை அத்தகையது. தலையணைப் பாறைகளை அங்கே நடந்து சென்றே காணலாம். கடலடி ஊற்றுகள் படியவைத்த செம்பைப் பழங்கால மக்கள் அம்மலைச் சாரலில் அகழ்ந்தெடுத்தனர். செம்பின் இலத்தீன் பெயரே அத்தீவின் பெயரிலிருந்து வந்தது. இன்று ஆழ்கடல் ஊற்றுகளின் தாதுக்களையே எடுக்க நாடுகள் முனைகின்றன. 2016-இல் இந்தியாவும் இந்தியப் பெருங்கடல் மலைத்தொடர்களில் அவற்றைத் தேடி ஆராயும் உரிமையைப் பெற்றது. சைப்பிரசில் அகழ்ந்தது என்றோ அணைந்த ஊற்றின் எச்சம். கடலடியிலோ உயிர்கள் இன்றும் வாழ்கின்றன. எடுப்பதற்குமுன் எண்ணிப் பார்ப்பது அறிவுடையோர் கடன்.

கல் மாறாதது என்பது மனிதர் தம் வாழ்நாளைக் கொண்டு அளந்த அளவு. கடலின் காலத்தைக் கொண்டு அளந்தால், கல் பிறக்கிறது, நகர்கிறது, நிறம் மாறுகிறது, கொடுக்கிறது, கொள்கிறது. தேய்வது மட்டுமே கல்லின் இயல்பு என்று பழமொழி கூறிற்று. தேயுங்கால் அது கடலையும் உயிரையும் பேணுகிறது என்பதைக் கடலடி கற்பிக்கிறது.