கரண்ட் போனால் பாட்டு

எங்க ஊர்ல கரண்ட் போனாத்தான் பாட்டு கேட்க முடியும்.

கிண்டல் இல்லீங்க, நிஜம். சோமனூர்ப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு விசைத்தறி. ராத்திரி பகல்னு இல்லாம ஓடும். ஒரு தறி நிமிஷத்துக்கு ஏறக்குறைய நூத்தைம்பது தடவை நாடாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்கும். அப்படி நாலு தறி எங்க வீட்டு ஒட்டுல, எட்டு தறி பக்கத்து வீட்டுல. அதனால கரண்ட் போச்சுன்னா ஊரே திடீர்னு ஊமையாயிடும். அந்த நேரத்துக்காகவே எங்கப்பா ஒரு பேட்டரி ரேடியோ வச்சிருந்தாரு. மத்த ஊர்ல கரண்ட் போனா 'ச்சே'ம்பாங்க. எங்க வீட்டுல அப்பா ரேடியோவைத் தேடுவாரு.

முப்பது வருஷம் கூலிக்கு நெய்தாரு. ரெண்டு வருஷம் முன்னாடி, இனி கட்டுப்படியாகாதுன்னு நாலு தறியையும் இரும்பு விலைக்குப் போட்டாரு. லாரி போன அன்னைக்கு ராத்திரி யாரும் பேசலை. மறுநாள் காலைல அப்பா காலி குடோனுக்குள்ள நின்னுக்கிட்டு, "அம்மிணி, இந்த மூலைல ஒரு ரூம் போட்டு நிம்மதியா பாட்டு கேக்கோணும்"னாரு.

நான் இயற்பியல் மாணவி. வீட்டுல அதுவரைக்கும் என் படிப்பு யாருக்கும் உபயோகப்பட்டதில்லை. "நான் பார்த்துக்கறேங்ப்பா"ன்னு சொல்லிட்டேன். அந்த வாக்கைக் காப்பாத்த நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

முதல் தப்பு, முட்டை அட்டை. சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டினா சத்தம் நிக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. நாமக்கல் பக்கத்துல இருக்கற புண்ணியத்துல இருநூறு அட்டை சல்லிசா கிடைச்சுது. ஒரு பழைய ரூம்ல ஒட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுத் தறி அப்படியே கேட்டுது. அம்மா மட்டும், "கோழி வாங்கலாமா?"ன்னு கேட்டாங்க :-)

அப்பத்தான் புத்தகத்தை ஒழுங்கா படிச்சேன். இதுல ரெண்டு வேலை இருக்கு, ரெண்டும் வேற வேற. ஒண்ணு, சத்தம் சுவரைத் தாண்டாம தடுக்கறது. இன்னொண்ணு, உள்ளே இருக்கற சத்தம் சுவர்ல பட்டுப் பட்டு எதிரொலிக்காம பார்த்துக்கறது. முதலாவதுக்குக் கனம் வேணும், காத்துப் புகாத அடைப்பு வேணும். ரெண்டாவதுக்கு மெத்துனு, காத்து புகுந்து போற பொருள் வேணும். தடுக்கற அளவுக்கு முட்டை அட்டைக்குக் கனம் இல்லை, விழுங்கற அளவுக்குத் தடிப்பும் இல்லை.

சரி, தடுப்போம்னு ஆரம்பிச்சோம். குடோனுக்குள்ள, பழைய சுவரைத் தொடாம ஆறு அங்குலம் தள்ளி, ஒம்போது அங்குலச் செங்கல் சுவர். மேலே தனி கான்கிரீட் தளம். பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி. தறியோட அதிர்வு தரை வழியாவும் வருமே, அதனால சுத்திலும் பழைய தரையை வெட்டி விட்டோம். கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "நல்ல தரையை எதுக்குங்க அம்மிணி வெட்டறீங்க?"

உள்அளவு 14 அடி நீளம், 11 அடி அகலம், 9 அடி உயரம். சதுரமா வேண்டாம்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். காரணம் பின்னாடி சொல்றேன்.

ரெண்டு பக்கமும் பூசின ஒம்போதங்குலச் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். பக்கத்து வீட்டுத் தறி ஓடறப்ப எங்க காலி குடோன்ல என் போன் 82 காட்டுச்சு. (போன் கணக்கு துல்லியமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.) அப்ப ரூமுக்குள்ள 32ன்னு காட்டணும். ஆர்வமா உள்ளே போய்ப் பார்த்தா 52!

ஒரு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசில பார்த்தா, கதவுக்கு அடில அரை அங்குல சந்து. அவ்ளோதான். கணக்குப் போட்டுப் பாருங்க. கதவு இருக்கற சுவர் 14 அடிக்கு 9 அடி, 126 சதுர அடி. மூணடி அகலக் கதவுக்கு அடில அரை அங்குலம்னா, எட்டுல ஒரு பங்கு சதுர அடி. மொத்தச் சுவர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆயிரத்துல ஒரு பங்கு திறந்திருந்தா, மீதி இரும்பாவே இருந்தாலும் 30 டெசிபலுக்கு மேல தடுக்க முடியாது. 82ல 30 போனா 52. கணக்கு அச்சு அசலா வந்ததுல சந்தோஷப்படறதா, செங்கல் காசு போச்சேன்னு அழறதான்னு தெரியலை.

அப்புறம் ரெண்டு கதவு போட்டோம், நடுவுல ஓரடி விட்டு. ரெண்டுக்கும் சுத்திலும் ரப்பர் பட்டை. ஸ்விட்ச் பாக்ஸ் ஓட்டை, ஒயர் போற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சோம். 36க்கு இறங்குச்சு. ஆனா இப்படி அடைச்சா ஆளு மூச்சு விடணுமே? ஸ்பிளிட் ஏசி குளிர வைக்கும், வெளிக்காத்து கொண்டு வராது. அதனால காத்து வர ஒரு மரக்குழாய், அதை நாலு தடவை மடிச்சு, உள்ளே சத்தம் விழுங்கற பொருளை ஒட்டினோம். காத்து வளைஞ்சு வளைஞ்சு வந்துடும். சத்தம் ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் செத்துடும்.

இப்ப வெளிச்சத்தம் நின்னுது. அப்பா ஆசையா ஸ்பீக்கரை வச்சுப் பாட்டு போட்டாரு. கேவலமா இருந்துச்சு! கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி.

இங்கதான் ரெண்டாவது வேலை. இதுக்கு வழி சொன்னவர் வாலஸ் சாபின். ஹார்வர்டுல 1895ல திறந்த ஒரு விரிவுரை மண்டபத்துல பேசறது ஒண்ணும் புரியலை. ஒரு சொல்லு அடங்க அஞ்சரை செகண்டு ஆகும். அதைச் சரி பண்ண இளம் ஆசிரியரான சாபினை அனுப்பினாங்க. அவர் பக்கத்து தியேட்டர் இருக்கைகளோட மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து, ஒவ்வொண்ணா அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காதால கேட்டே அளந்தாரு. அதுவும் நடுராத்திரிக்கு மேல, தெருவுல டிராம் ஓடாத நேரத்துல. கரண்ட் போறதுக்காகக் காத்திருந்த எங்கப்பா ஞாபகம்தான் எனக்கு வந்துச்சு. 1900ல திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இவரோட கணக்கை வச்சுக் கட்டினது.

அவர் சூத்திரம் எளிசு. அறையோட கன அளவை 0.161ஆல பெருக்கி, சத்தத்தை விழுங்கற பரப்பால வகுத்தா, அடங்கற நேரம் வந்துடும். எங்க ரூம் 39 கன மீட்டர். வெறும் பூச்சுச் சுவர் தன் பரப்புல நூத்துக்கு மூணு பங்குதான் விழுங்கும். போட்டுப் பார்த்தா மூணு செகண்டு! பாட்டு கேக்கற ரூமுக்கு 0.4 செகண்டு போதும். அதுக்கு முழுசா விழுங்கற பரப்பு கிட்டத்தட்ட 16 சதுர மீட்டர் வேணும்.

எங்க ஊர்ல பஞ்சுக்கா பஞ்சம்? கழிவுப் பஞ்சை அடைச்சுடலாம்னு சொன்னேன். அப்பா ஒரே வார்த்தைல, "வேண்டாம்"னாரு. பஞ்சுல ஒரு பொறி விழுந்தா என்ன ஆகும்னு பார்த்து வளர்ந்த ஆளு. பாறையை உருக்கி இழையாக்கின ராக்வூல் வாங்கினோம். எரியாது. ரெண்டு அங்குலத் தடிப்பு, மரச் சட்டத்துல அடைச்சு, சுவர்லருந்து கொஞ்சம் தள்ளி மாட்டணும். மேல மூடறதுக்குக் காத்து புகற துணி வேணும். வாயை வச்சு ஊதினா மூச்சு அந்தப் பக்கம் போகணும். அதான் சோதனை.

அப்பா உள்ளே போய் ஒரு காடாத் துணிக் கட்டை எடுத்துட்டு வந்தாரு. எங்க தறில கடைசியா ஓடின பாவுல நெய்தது. கூலிக்கு நெய்யறவங்களுக்குத் துணி சொந்தமில்லை, பாவு கொடுத்தவருக்குத்தான் சொந்தம். அப்பா தான் நெய்த துணியைத் தானே காசு கொடுத்து வாங்கி வச்சிருந்திருக்காரு. எங்க யாருக்கும் சொல்லலை. ஊதிப் பார்த்தேன். மூச்சு போச்சு.

எங்கே மாட்டறதுங்கறதுக்குக் கண்ணாடி வித்தை. அப்பாவை நாற்காலில உக்கார வச்சு, நான் சுவர் ஓரமா கண்ணாடியை நகர்த்திட்டே போவேன். கண்ணாடில அவருக்கு ஸ்பீக்கர் தெரியற இடம்தான் சத்தம் முதல்ல பட்டுத் தெறிக்கற இடம். அங்கே ஒரு சட்டம். மூலைகள்ல மட்டும் ஓரடித் தடிப்புக்கு அடுக்கினோம், ஏன்னா கீழ் சுருதியெல்லாம் ரெண்டு அங்குலத்துக்கு அசையாது. முழுக்க மூடிடவும் கூடாது, உயிரே போயிடும். பின்சுவர்ல புத்தக அலமாரியை வச்சு விட்டுட்டோம்.

சதுரம் ஏன் வேண்டாம்னேன்னா, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு சுருதி தேங்கி நிக்கும். எங்க ஊர்ச் சூட்டுல ஒலி செகண்டுக்கு 349 மீட்டர் போகும். 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 52, 9 அடிக்கு 64. எல்லாப் பக்கமும் ஒரே அளவுன்னா மூணும் ஒரே இடத்துல சேர்ந்து குமுறும். 41ங்கறது பேஸ் கிடாரோட அடிச் சுருதிக்குச் சமம். அப்பா நாற்காலியைப் பின்சுவரோட ஒட்டிப் போட்டிருந்தாரு, இளையராஜா பாட்டுல பேஸ் வந்தா ரூமே உறுமுச்சு. நட்ட நடுவுல போட்டா அந்தச் சுருதி காணாமலே போச்சு. நடுவுக்குக் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் போட்டதும் சரியாச்சு.

எல்லாம் முடிஞ்சு, ஒவ்வொரு சுருதியா ஓட்டிச் சோதிச்சேன். அப்பா நாற்காலில, கண்ணை மூடிக்கிட்டு. 500, 1000, 2000. தலையாட்டிட்டே வந்தாரு. 4000 போட்டேன். தலை ஆடலை.

"கேக்குதுங்களாப்பா?"

"இன்னும் நீ போடவே இல்லையே அம்மிணி."

எனக்குக் காது கூசற அளவுக்கு அது ஒலிச்சிட்டிருந்துச்சு.

கோயமுத்தூர்ல காது டாக்டர்கிட்ட போனோம். அவர் போட்ட வரைபடத்துல கோடு நேரா வந்து, 4000 ஹெர்ட்ஸ்கிட்ட குழில விழுந்துச்சு. பல வருஷம் இரைச்சல்ல வேலை செஞ்சவங்களுக்கு இந்த இடத்துலதான் முதல்ல அடிபடும். உள்காதுல இருக்கற மயிர்ச்செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 90 டெசிபல். பக்கத்து வீட்டுத் தறிகளுக்கு நடுவுல போய் நின்னு நான் பார்த்தப்ப போன் 96 காட்டுச்சு. எங்க வீட்டுல யாரும் வந்து அளந்ததில்லை. அப்பா காதுல கழிவுப் பஞ்சைத்தான் வச்சுக்குவாரு. அது பேருக்குத்தான், பெருசா தடுக்காது.

திரும்பி வர்ற பஸ்ல எனக்கு அழுகையா வந்துச்சு. அவ்ளோ காசு போட்டு, கேக்காத காதுக்கு ரூம் கட்டியிருக்கேன். அப்பாதான் சொன்னாரு, "ஏங்கண்ணு, அந்த ரூம்லதான் எனக்குப் பாட்டோட வார்த்தையே புரியுது."

அது சமாதானத்துக்குச் சொன்னது இல்லைன்னு அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 'ச', 'த' மாதிரி மெய்யெழுத்து ஓசைகள் மெலிசானவை, மேல் சுருதில இருக்கறவை. காது நல்லா இருக்கறவங்க எதிரொலிக்கு நடுவுலயும் அதைப் பிடிச்சுக்குவாங்க. அடிபட்ட காதால முடியாது. முந்தின எழுத்தோட எதிரொலி பிந்தின எழுத்தை மூடிடும். எதிரொலியைக் குறைச்சா மிச்சமிருக்கற காதுக்கு வேலை சுலபம். இந்த ரூம் என்னைவிட அப்பாவுக்குத்தான் அவசியம்.

பக்கத்து வீட்டுல தறி ஓட்டற அண்ணனுக்கு ஒரு டப்பா ஸ்பான்ஞ் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். "நூல் அறுந்தா சத்தத்துலதானுங்க தெரியும், இதை வச்சா எப்படி?"ன்னாரு. அப்பா போய் அரை மணி நேரம் அவர்கிட்ட பேசிட்டு வந்தாரு. என்ன பேசினாருன்னு தெரியலை. இப்ப ஒரு காதுல மட்டும் வச்சுக்கறாரு. இன்னொரு காதுக்கும் வாங்க வைக்கணும்.

போன வாரம் லீவுல வீட்டுக்குப் போயிருந்தப்ப சாயங்காலம் கரண்ட் போச்சு. ஊரே கப்புனு அடங்குச்சு. ரூமுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கு, அப்பா உள்ளே பாட்டு கேட்டுட்டிருந்தாரு. முக்கால் மணி நேரம் கழிச்சுக் கதவைத் திறந்து வெளியே வந்தவர், இருட்டைப் பார்த்துட்டு, "ஏன் அம்மிணி, கரண்ட் போயிடுச்சா?"ன்னு கேட்டாரு.

எனக்கு நினைவு தெரிஞ்சு அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.