வலிப்புக்கு ஒரு சாட்சி

வலிப்பு நோயை ஆராயும் வைத்தியருக்கு ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. ஜுரம் கண்டவன் ஜுரத்தோடு வருகிறான். கால் முறிந்தவன் முறிந்த காலோடு வருகிறான். வலிப்புக் கண்டவனோ, எல்லாம் அடங்கிய பிறகு, ஒன்றும் நடவாதவன் போல் வந்து நிற்கிறான். நடந்தது அவனுக்கே நினைவிராது. ஆகையால் கண்டவர் ஒருவர் சாட்சி சொன்னாலன்றி நோயின் முகம் தெரிவதில்லை.

சேர்வராயன் மலையில் இச்சங்கடம் இன்னும் அதிகம். மாரமங்கலத்துச் சிற்றூர்களிலிருந்து மலைப்பாதையின் வளைவுகளை எல்லாம் கடந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரியை அடைவதற்குள் வலிப்பு நின்றுவிடும். கண்டவர் வாய்ச்சொல் ஒன்றே கீழே இறங்கும்.

அங்கே நாம் தங்கியிருந்த சமயம், அண்டை வீட்டுப் பையன் ஒருவன் வலிப்புக் கண்டு விழுந்தான். கூடியவர்கள் இரும்புச் சாவி தேடி நாலு திசையிலும் ஓடினார்கள். ஓடியவர் எவரும் பையனைப் பார்க்கவில்லை. பாட்டி மட்டும் அருகிலேயே இருந்தாள். "மொதல்ல வலது கைதான் துடிச்சுது சாமி, அப்புறம் வாய் அந்தப் பக்கமே கோணிச்சு, பொறவுதான் ஒடம்பெல்லாம் உதறிச்சு" என்றாள். எழுத்தறியாத அக்கிழவியின் சொல்லில் வைத்திய நூலின் ஓர் அத்தியாயமே அடங்கியிருந்தது. வலது கையில் தொடங்கும் வலிப்புக்கு மூலம் பெரும்பாலும் மூளையின் இடது பாகத்தில் இருக்கும்.

வைத்தியர் கேட்பவையும் இவையே. எங்கே தொடங்கிற்று? எத்தனை நிமிஷம்? நாக்கைக் கடித்தானா? தெளிவு வர எவ்வளவு நேரமாயிற்று? விழுமுன் முகம் வெளுத்து வேர்த்ததா? வெளுத்து வேர்த்து விழுந்து உடனே தெளிந்தால், அது வெறும் மூர்ச்சையாகவும் இருக்கலாம்.

பிறகே யந்திரங்களின் முறை. இரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் பார்ப்பார்கள். ஜெர்மனி தேசத்து ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்ட மூளை மின்னலைப் பதிவும் எடுப்பார்கள். வலிப்பு இல்லாத வேளையில் அது பலருக்குச் சரியாகவே இருக்கும்; அதனால் நோயில்லை என்று ஆகிவிடாது. ஸ்கேன் படம் மூளையின் உருவத்தைக் காட்டும்.

படத்தையும் ஆராய்ந்தே நம்ப வேண்டும். நம் தேசத்தில் வலிப்புக் கண்ட பலருடைய படத்தில் ஒரு சிறு புள்ளி தெரிந்தது. க்ஷயக் கட்டியென்று எண்ணி அதற்கு மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்களான மாத்யூ சாண்டி, ராஜசேகர் முதலியோர் அப்புள்ளிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் மிகுதியானவை நாடாப்புழுவின் குஞ்சுப் பருவமே என்று 1989-ல் வெளியிட்டார்கள். மனித மலத்திலிருந்து அசுத்தமான நீரிலும் காய்கறியிலும் கலக்கும் முட்டையால் வருவது அது. சைவ உணவினரையும் விடாது.

ஆகவே நேயர்கள் சாவியைத் தேட வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். கைப்பேசி இருந்தால் ஒருவர் படம் பிடிக்கட்டும்.

கண்டதை மறைக்கவும் வேண்டாம். பெண்ணுக்கு வரன் தவறிவிடும் என்று அஞ்சி வாய்மூடிய குடும்பங்கள் எத்தனையோ. ஹிந்து விவாகச் சட்டத்திலேயே இந்நோய் ஒரு தடையாக இருந்தது. 1999-ல் பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது. சட்டம் விட்ட பயத்தை நாமும் விடுவோமாக. சாட்சி வாய் திறந்தால்தான் சிகிச்சை தொடங்கும்.