சீடார் ஆற்றங்கரையில் ஒரு நகரம்



உங்களில் சிலருடைய குசினியில் குவேக்கர் ஓட்ஸ் பக்கற் இருக்கலாம். அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆலை ஒன்று அமெரிக்காவின் நடுமேற்கில், அயோவா மாநிலத்தில் உள்ள சீடார் ரெப்பிட்ஸ் நகரில் இருக்கிறது. ஆனால், நாம் பார்க்கப்போவது அந்த ஆலையை அல்ல. அவ்வூர் மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய சில பொதுக் கட்டடங்களையே.

முதலில் நூல்நிலையம். 1896 ஆம் ஆண்டு, வரிப் பணத்தில் இலவச நூல்நிலையம் ஒன்று வேண்டுமா என்று நகர மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைக்காத காலம் அது. எனினும் வரி சம்பந்தமான இத்தகைய விடயங்களில் பெண்களும் வாக்களிக்க அயோவாச் சட்டம் அப்போது இடமளித்திருந்தது. அடா வான் வெக்டன் என்ற பெண்மணி முன்னின்று பாடுபட்டார். பெண்கள் திரண்டு சென்று வாக்களித்தார்கள். முடிவு என்ன தெரியுமா? வெறும் 59 வாக்குகளால் நூல்நிலையம் வென்றது! வாடகை அறைகளில் தொடங்கிய அது, 1905 இல் கொடைவள்ளல் கார்னகியின் பணத்தில் எழுந்த சொந்தக் கட்டடத்துக்குக் குடிபுகுந்தது.

ஆற்றின் நடுவே ஒரு தீவு. அங்கே 1920களின் இறுதியில், போரில் மாண்டவர்களின் நினைவாக ஒரு மண்டபத்தை எழுப்பி, நகர சபையையும் அதிலேயே அமைத்தார்கள். அதன் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை வரைந்தவர் ஓவியர் கிரான்ட் வூட். கண்ணாடி வேலை ஜேர்மனியில் நடந்ததால், எதிரி நாட்டில் செய்ததா என்று சிலர் சினந்தார்கள். 1955 வரை சாளரத்துக்குத் திறப்பு விழாவே நடக்கவில்லை. ஓவியரோ 1942 இலேயே காலமாகிவிட்டார்.

இனி, நம் உள்ளத்துக்கு நெருக்கமான இடம். இன்றைய லெபனான், சிரியாப் பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள், முதுகில் மூட்டை சுமந்து பண்ணை வீடுகளுக்குத் துணிமணி விற்றுப் பிழைத்தவர்கள். நாடே வேலையின்றித் தவித்த 1934 இல், அவர்கள் சிறியதொரு பள்ளிவாசலைக் கட்டி முடித்தார்கள். 1948 இல் மையவாடிக்கும் நிலம் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் பெரிய பள்ளிவாசல் வந்ததும் பழையது விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறிச் சிதைந்தது. 1990 இல் அயோவா முஸ்லிம்கள் அதை மீட்டுப் புதுப்பித்தார்கள். அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையது என்பதால், 'தாய்ப் பள்ளிவாசல்' என்று அழைக்கிறார்கள்.

2008 ஜூன் 13 அன்று ஆறு 31 அடிக்கு மேல் உயர்ந்தது. அதற்கு முன் கண்ட உச்சமே 20 அடிதான். தீவு மண்டபம், நூல்நிலையம், பள்ளிவாசலின் நிலக்கீழ் அறை எல்லாவற்றிலும் சேற்றுநீர். ஆயிரமாயிரம் நூல்கள் நனைந்து அழிந்தன. பள்ளிவாசலில் பாதுகாத்த ஏடுகளும் பழைய பதிவுகளும் போயின.

மக்கள் கைகட்டி நிற்கவில்லை. பள்ளிவாசலைத் துப்புரவு செய்து மீண்டும் திறந்தார்கள். 2013 இல் மேட்டு நிலத்தில் புதிய நூல்நிலையம் எழுந்தது. பழைய கார்னகிக் கட்டடமோ கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக நிற்கிறது.

கல்லும் மரமும் கட்டடமாகும். அதை நம்முடையது என்று நினைப்பவர்கள் இருந்தால்தான் அது நிலைக்கும். நம் ஊர் நூல்நிலையத்துக்கு நீங்கள் கடைசியாகப் பிள்ளைகளை அழைத்துச் சென்றது எப்போது, சகோதரிகளே?