பதம்

யார் முதலில் என்ற கேள்வி நம் வட்டத்தில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. புதுக்கவிதையைப் பாரதியின் வசன கவிதையிலிருந்து எண்ணுவதா, 1930களில் எழுதிய ந. பிச்சமூர்த்தியிலிருந்தா, 1959இல் வந்த ‘எழுத்து’விலிருந்தா என்று எத்தனையோ மாலைகள் பேசிக் கலைந்திருக்கிறோம். வாங்கிய டீ ஆறியதுதான் மிச்சம். இந்தக் கேள்வி எனக்கு அலுத்துப்போனதற்கு எந்த விமர்சகரும் காரணமில்லை. ஒரு டீக்கடை காரணம்.

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் புதிதாக ஒரு ‘பபிள் டீ’ கடை வந்திருக்கிறது. அக்கா மகள் கூட்டிப்போனாள். ஒரு பக்கம் டீ. மறுபக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேக்கரி. மாவு பிசைவது, உருட்டுவது, அடுப்பிலிருந்து தட்டை இழுப்பது எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகின்றன. தெரிய வேண்டும் என்றுதான் கண்ணாடி. டீயில் போடும் மணிகளை வேகவைப்பது மட்டும் எங்கோ உள்ளே நடக்கிறது.

டீ 170 ரூபாய். சுண்டுவிரல் பருமனில் ஒரு உறிஞ்சு குழாய். தம்ளரின் அடியில் கறுப்பு மணிகள். உறிஞ்சினால் டீயோடு இரண்டு மூன்று மணிகள் நாக்கில் வந்து விழுகின்றன. டீ தொண்டைக்குள் போய்விடுகிறது. மணிகள் பல்லுக்காகக் காத்திருக்கின்றன. குடிப்பது ஒரு காரியம், தின்பது வேறு காரியம் என்று பழகிய வாய்க்கு இது சற்றுக் குழப்பம்தான். பல்லுக்கு இடம் கொடுத்து மீளும் இந்தக் குணத்தைத் தைவான்காரர்கள் ‘க்யூ’ என்ற ஒற்றை எழுத்தால் சொல்லிவிடுகிறார்கள்.

“தைவான் சரக்கு மாமா” என்றாள்.

“ஜவ்வரிசிடி” என்றேன்.

இரண்டும் வாஸ்தவம். மணிகள் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்தவை. நம் ஜவ்வரிசியும் அதேதான். ஆத்தூர் பக்கம் மில்களில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்து உருட்டி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். தைவானில் வெல்லப்பாகின் கறுப்பு சேர்கிறது, மணி பெரிதாகிறது. அவ்வளவுதான்.

தைவானிலும் நம் சண்டை நடந்திருக்கிறது. டீயில் மணியை முதலில் போட்டது தாங்களே என்று தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையும், தைனான் நகரின் ஹன்லின் கடையும் உரிமை கொண்டாடின. இரண்டும் சொல்லும் காலம் 1980களின் பிற்பகுதி. வழக்கு பத்து வருஷம் நடந்து 2019இல் முடிந்தது. இது காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். விமர்சகர்களில் யாருக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை. பெயரில்கூட ஒரு வேடிக்கை. ‘பபிள்’ என்பது மணியைக் குறித்து வந்ததல்ல; குலுக்கிய டீயின் மேல் நிற்கும் நுரையைக் குறித்தது. மணி பிறகு வந்து பெயரைத் தனதாக்கிக்கொண்டது.

நம் ஜவ்வரிசிக்கு மட்டும் பூர்வீகம் சுத்தமா? மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. முதலில் ஜவ்வரிசி எனப்பட்டது கீழ்த்திசைத் தீவுகளின் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து செய்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாச் சரக்கு நின்றுபோக, 1940களில் சேலத்தில் மரவள்ளி கொண்டு அதைச் செய்யத் தொடங்கினார்கள். பதிலி என்று வந்தது ஊரின் அடையாளமாயிற்று. 1981இல் அதற்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு. மூலம் தேடிப் போனால் கையில் மிஞ்சுவது இன்னொரு மூலம்தான்.

என் அம்மா அந்தக் களங்களில் ஒன்றில் இருபது வருஷம் வேலை செய்தாள். வெயிலும் வெள்ளைக் களமும் சேர்ந்து கண்ணைக் கெடுத்தன. கடைசி நாட்களில் முகங்களை அவள் குரலால்தான் அறிந்தாள். ஆனால் பாயசம் கொதிக்கும்போது ஒரு மணியை எடுத்து இரு விரல்களுக்கிடையே அழுத்துவாள். நடுவில் வெண்புள்ளி இருந்தால் வேகவில்லை. பார்வை போன பிறகும் அந்தப் புள்ளியை விரலாலேயே கண்டுபிடித்தாள். “ராத்திரிக்குள்ள குடிச்சுப்புடணும், விடிஞ்சா களியாப் போயிரும்” என்பாள். எங்கிருந்து வந்த கிழங்கு, யார் முதலில் உருட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்குச் சமாச்சாரமே இல்லை.

கடையில் நான் ஒரு மணியை வெளியே எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது. புள்ளி இல்லை. நல்ல பதம்.

அம்மா சொன்னதுதான் விஞ்ஞானமும். மாவுச்சத்து நீரும் சூடும் பட்டால் ஊதி இளகுகிறது. ஆறினால் அதன் இழைகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. வேகவைத்த மணிக்குச் சில மணி நேரமே ஆயுள்; குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கட்டையாகிவிடும். ரொட்டி பழசாவதும் இதே காரியத்தால்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விற்பது வேறு வேறு பண்டம் அல்ல என்று அப்போது பட்டது. இரண்டு பக்கமும் மாவின் சில மிருதுவான மணி நேரங்களை விற்கிறார்கள். ‘புதியது’ என்று பலகையில் எழுதியிருப்பது திறப்பு விழாவைக் குறிக்கிறது. வாய் கேட்கும் புதுமை வேறு. அதைத் தினமும் காலையில் மறுபடி செய்தாக வேண்டும்.

யார் முதல் என்பது வழக்காடுபவன் கேள்வி. இன்னும் பதம் இருக்கிறதா என்பது தின்பவன் கேள்வி. நாம் கவிதையிடம் முதல் கேள்வியை ஓயாமல் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். அதற்கு வருஷக் கணக்கு உதவாது. விரல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். சென்ற வருஷம் அச்சான தொகுப்பில் இறுகிப்போன வரிகளைப் பார்த்திருக்கிறேன். அறுபது வருஷத்துக்கு முந்தைய பழுப்புத் தாளில், அழுத்தினால் இன்றும் இடம் கொடுத்து மீளும் வரிகளையும் பார்த்திருக்கிறேன். மாவுச்சத்தின் விதி அங்கே ஏன் செல்லவில்லை என்று யாராவது எழுதினால், அந்தக் கட்டுரைக்காக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவைக்கலாம்.