எது செத்ததுன்னு முதல்ல சொல்லு

தூத்துக்குடியில் லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்க வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது உப்பைப் பற்றி. ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். எங்கள் ஊரில் அந்த அளவைத் தாண்டும் இரவுகள் ஏராளம். லேப்டாப் விசிறி பகலெல்லாம் இந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. தூசியோடு உப்பும் போர்டில் படிகிறது. இரவில் அது நனைகிறது, மறுநாள் அதன் மேல் மின்சாரம் பாய்கிறது. சில வருடங்களில் செம்புத் தடங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

அதனால்தான் நான் தொழில் கற்கும் கடையின் அண்ணாச்சி என் கையில் முதன்முதலாகக் கொடுத்தது சால்டரிங் அயர்ன் அல்ல, ஒரு பழைய போர்டும் பூதக்கண்ணாடியும். “களிம்பு எங்க ஏறியிருக்கு, எங்க ஏறலன்னு பாரும்மா. பாத்துப் பழகுன பொறவுதான் அளக்கணும்” என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். அண்ணாச்சியின் கடை பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் இருக்கிறது. துறைமுகத்து கிளியரிங் ஏஜென்சிக்காரர்கள், உப்புக் கம்பெனிக் கணக்கர்கள், மீன் ஏற்றுமதி ஆபீஸில் வேலை செய்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே வருவார்கள். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. வருகிற இயந்திரங்களில் முக்கால்வாசி வாரண்டி முடிந்தவை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், எஸ்டிமேட்டைப் பார்த்துத் திகைத்து, கடைசியில் எங்களிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

அந்த எஸ்டிமேட்டுகளைக் கையில் வாங்கிப் படிப்பதும் என் பயிற்சியில் ஒரு பகுதி. பல தாள்களில் ஒரே வரிதான் இருக்கும்: மதர்போர்டு மாற்ற வேண்டும். பக்கத்தில் இருக்கும் தொகை சில சமயம் புது லேப்டாப் விலையில் பாதியைத் தொடும். எந்தப் பாகம் போயிற்று, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு சொல் இருக்காது. எங்கள் கடையின் விதி வேறு. “எது செத்ததுன்னு முதல்ல சொல்லு. பொறவு விலையச் சொல்லு” என்பார் அண்ணாச்சி. இந்தத் தொழிலில் நான் கற்றது எல்லாமே இந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காகக் கற்றதுதான்.

அளக்கப் பழகுதல்

எது செத்தது என்று சொல்வதற்கு, மின்சாரம் எந்த வரிசையில் போர்டை எழுப்புகிறது என்று தெரிய வேண்டும். அடாப்டரிலிருந்து 19 வோல்ட் வருகிறது. நுழைவிடத்தில் இருக்கும் மாஸ்ஃபெட்கள் அதை உள்ளே விடுகின்றன. அதிலிருந்து 3.3 வோல்ட் லைனும் 5 வோல்ட் லைனும் உண்டாகின்றன. லேப்டாப் அணைந்திருக்கும்போதுகூட இவை இருக்க வேண்டும். பவர் பட்டனை அழுத்தினால் செய்தி ‘ஐஓ’ என்று நாங்கள் சொல்லும் சிப்புக்குப் போகும். அது மெமரிக்கு, சிப்செட்டுக்கு, கடைசியில் பிராசஸருக்கு என்று லைன்களை ஒவ்வொன்றாக எழுப்பும். இந்த வரிசை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

போர்டை டிசி பவர் சப்ளையில் மாட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்தாலே பாதிச் சேதி தெரிந்துவிடும். கொஞ்சமும் இழுக்காவிட்டால் நுழைவிடத்தைச் சந்தேகிக்க வேண்டும். பட்டனைத் தொடும் முன்பே எகிறினால் எங்கோ ஷார்ட். அழுத்தியதும் ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால் பயாஸையோ மெமரியையோ பார்க்க வேண்டும். அடுத்தது மல்டிமீட்டர். டயோடு மோடில் ஒவ்வொரு லைனையும் கிரவுண்டோடு வைத்து அளந்து, நல்ல போர்டில் எடுத்த அளவோடு ஒப்பிடுவோம். இதற்காகவே அண்ணாச்சி என்னை ஒரு நோட்டுப் போட வைத்தார். மாடல், போர்டு எண், லைன், அளவு என்று நான்கு கட்டங்கள். சர்க்யூட் வரைபடத்தைக் கம்பெனிகள் எங்களைப் போன்ற கடைகளுக்குத் தருவதில்லை. அதனால் அந்த நோட்டுதான் எங்கள் கடையின் சொத்து.

திரேஸ்புரத்துப் பெண் ஒருத்தி தன் லேப்டாப்பைக் கொண்டு வந்தபோது இந்தப் படிப்பின் அருமை எனக்கு விளங்கியது. இன்ஜினியரிங் மாணவி. அப்பா சங்கு குளிக்கிறவர். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. அந்தத் தொழிலின் வழிவந்தவர்கள் இன்று சங்குக்காகக் கடலில் இறங்குகிறார்கள். கடல் இடம் கொடுத்த நாளுக்குத்தான் வருமானம். வாரண்டி முடிந்த கையோடு லேப்டாப் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

சப்ளையில் போட்டதும் 19 வோல்ட் லைனில் ஷார்ட் தெரிந்தது. அந்த லைனில் கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். குற்றவாளி எது என்று கண்ணால் சொல்ல முடியாது. சப்ளையை 1 வோல்ட்டுக்கு இறக்கி, ஷார்ட்டான லைனுக்குள் செலுத்தினோம். போர்டின் மேல் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் தடவினேன். எங்கும் ஈரமாக இருக்க, ஓரிடம் மட்டும் சட்டென்று காய்ந்தது. சூடாகும் பாகம் அதுதான். எள்ளைப் போன்ற ஒரு செராமிக் கெப்பாசிட்டர். அதை எடுத்ததும் ஷார்ட் போய்விட்டது. செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுள்ளதை எடுத்துப் போட்டோம். லேப்டாப் எழுந்தது, அவளுடைய புராஜெக்ட் ஃபைல்களும் பத்திரமாக இருந்தன.

எடுத்த பாகத்தை மைக்ரோஸ்கோப்பில் அவளுக்குக் காட்டச் சொன்னார் அண்ணாச்சி. “இதுக்கா அக்கா அவ்வளவு கேட்டாங்க?” என்றாள் என்னிடம். பதிலை அண்ணாச்சிதான் சொன்னார்: “அவங்க பொய் சொல்லலம்மா. அவங்களுக்கு போர்டுங்கது ஒரே பார்ட்டு. நமக்கு அதுக்குள்ள ஆயிரம் பார்ட்டு.”

இதைப் புரிந்துகொள்வது முக்கியம். சர்வீஸ் சென்டரில் இருக்கும் டெக்னீஷியனுக்குக் கம்பெனி தருவது முழுப் போர்டுகள்தான். தனித்தனி கெப்பாசிட்டரும் சிப்பும் அவர் மேசைக்கு வருவதில்லை. எந்த ஊரில் செய்தாலும் வேலை ஒரே தரத்தில் இருக்க வேண்டும், மாற்றிய பாகத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காகக் கம்பெனிகள் வைத்திருக்கும் முறை அது. ஆனால் இன்றைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் மெமரி போர்டோடு சேர்த்தே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. சிலவற்றில் சேமிப்புச் சிப்பும் அப்படித்தான். போர்டை மாற்றினால் அதற்கான விலையும் சேர்கிறது, உள்ளே இருந்த ஃபைல்களும் போகின்றன. ஒரு சிறு பாகத்தின் சாவுக்கு இவ்வளவு பெரிய விலையை ஏழை வீடு கொடுக்க வேண்டியிருப்பதுதான் என்னை வருத்துகிறது.

வெள்ளம் நடத்திய பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் மூழ்கடித்தது. நகரத்துக்குள் முத்தம்மாள் காலனி போன்ற இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. வெள்ளம் வடிந்தபின் சேறு படிந்த லேப்டாப்புகள் கடையில் குவிந்தன. வழக்கமான வாரண்டி, தண்ணீரால் வரும் சேதத்தை ஏற்காது. அதற்குத் தனியாகப் பணம் கட்டி விபத்துப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அதனால் வாங்கிச் சில மாதங்களே ஆன இயந்திரமும் அன்று வாரண்டி முடிந்ததற்குச் சமமாகிவிட்டது.

அந்த நாட்களில் அவசர வேலையின் ஒழுங்கைக் கற்றேன். நனைந்த லேப்டாப்பைக் கெடுப்பதில் தண்ணீரை விட, தண்ணீருக்குள் பாயும் மின்சாரத்துக்குத்தான் பெரிய பங்கு. அணைத்து வைத்திருந்தாலும் பேட்டரி உள்ளே இருக்கும்வரை அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு பயாஸுக்கான காசு வடிவச் சிறு பேட்டரியை எடுக்க வேண்டும். சேற்றை டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, சிப்புகளின் அடியில் தேங்கியதை அல்ட்ராசானிக் தொட்டியில் வெளியேற்றி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் மீட்டர். “வேலை செய்யுதான்னு ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்தோம்” என்று சொல்லி வந்தவர்களின் போர்டுகளில்தான் சேதம் அதிகம் இருந்தது. அரிசிக்குள் புதைத்து வைத்தவர்களும் உண்டு. அரிசி உப்பையும் சேற்றையும் எடுக்காது. அரிப்புக்கு மேலும் சில நாள் அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

சுழலும் ஹார்டு டிஸ்க் வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அதற்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது என்பது கடையில் கண்டிப்பான உத்தரவு. அதை டேட்டா மீட்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஏரலில் கடை வைத்திருந்த ஒருவர், “லேப்டாப் போனாப் போகுது தம்பி, கணக்கு மட்டும் வேணும்” என்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் படித்தேன்.

கேட்க வேண்டியதைக் கேட்பது

கடையில் வேலை கற்பவள் கடிதம் எழுதவும் கற்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் எண்ணம். சர்வீஸ் சென்டரிலிருந்து எஸ்டிமேட்டோடு வருகிறவர்களுக்கு நான் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிக் கொடுக்கிறேன். எந்தப் பாகம் பழுது, சோதனை அறிக்கை எங்கே, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு, மாற்றும் பாகத்துக்கு எத்தனை மாதப் பொறுப்பு, பழைய போர்டைத் திருப்பித் தருவார்களா, ஃபைல்களின் கதி என்ன. சீரியல் எண்ணையும் புகார் எண்ணையும் மேலே எழுதி, எழுத்திலேயே பதில் கேட்போம். போனில் கிடைத்த வாக்குறுதியை நாளைக்கு யாரிடமும் காட்ட முடியாது.

இன்னொரு கேள்வியும் உண்டு: இந்த மாடலுக்குக் கம்பெனி இலவசப் பழுது நீக்கம் எதுவும் அறிவித்திருக்கிறதா? வாரண்டி முடிந்த பிறகும் அப்படி நடந்திருக்கிறது. 2008-இல் என்விடியாவின் லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகளில் தயாரிப்புக் குறை வெளிப்பட்டபோது, டெல்லும் எச்பியும் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டின. 2018 ஜூனில் ஆப்பிள், சிக்கிக்கொள்ளும் ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டுகளை, வாங்கிய நாளிலிருந்து 4 வருடம் வரை இலவசமாகச் சரிசெய்து தர முன்வந்தது. ஒரே குறை பலருக்கு வந்தால் அது பயன்படுத்தியவரின் தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. அதைக் கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

நியாயமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பில் கொடுக்க மறுப்பதே நியாயமற்ற வணிகம் என்கிறது அந்தச் சட்டம். இது எங்களைப் போன்ற கடைகளையும் கட்டுப்படுத்தும். எனவே எங்கள் கடையில் பில் இல்லாமல் ஒரு லேப்டாப்பும் வெளியே போவதில்லை.

தனிக் கடைகளிலும் தவறு நடக்கிறது. மாற்ற வேண்டிய கிராஃபிக்ஸ் சிப்பை ஹாட் ஏரில் சூடாக்கினால் சில வாரம் படம் வரும். அதற்குள் பணம் வாங்கி அனுப்பிவிடுபவர்கள் உண்டு. அண்ணாச்சி அதை என்னைச் செய்ய விட்டதில்லை. பிராசஸரே ஷார்ட்டாகி இருந்தால், “இது எந்திரிக்காது, செலவு பண்ணாதீங்க” என்று நேராகச் சொல்லச் சொல்வார். அப்படிச் சொல்லும்போதும் காரணத்தை எழுதிக் கொடுக்கிறோம்.

வரைபடமும் பாகமும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்காத சிக்கல் லேப்டாப்புக்கு மட்டும் உரியதல்ல. 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராத 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனாலும், பழுதுபார்க்கும் அறிவைப் பூட்டி வைப்பது தவறு என்ற பேச்சு அதில் உரத்து ஒலித்தது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்பை விற்கும்போதே, அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் காட்ட வேண்டும்.

இந்தியாவிலும் லேப்டாப் கம்பெனிகள் சர்க்யூட் வரைபடங்களைத் தரட்டும், உதிரி பாகங்களை நியாய விலைக்கு விற்கட்டும். பாலிடெக்னிக்குகளும் ஐடிஐகளும், போர்டுக்குள் செத்த பாகத்தை மட்டும் மாற்றும் சிப் லெவல் வேலையைப் பாடமாக வைக்கட்டும். திரேஸ்புரத்திலும் ஏரலிலும் காயல்பட்டினத்திலும் அதைக் கற்கத் தயாராகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்ததைப் போல, நோட்டைத் திறந்து அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நானும் தயார்.